எங்கள் வீட்டுக்காரர் அடித்த ஆணி

பிலோமினா அக்கா குடையை மடக்காமல் என் கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். மழை இல்லை. மேகம் இறங்கி, பெருமாள்மலை ஜங்ஷனில் பாதிக் கடைகள் கண்ணுக்கே தெரியாத காலை நேரம். கொடைக்கானல் போகிற பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. அக்கா அதில் ஏறவும் இல்லை, நின்ற இடத்தை விட்டு அசையவும் இல்லை.

குடை எதற்கென்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் நிற்பதற்கு. நாங்கள் இரண்டு பேரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அளந்து கட்டி வைத்த கட்டுக்கம்பியை அவிழ்த்து மறுபடியும் அளந்துகொண்டிருந்தேன். ஒருத்தியைப் பார்க்காத மாதிரி இருப்பதற்கும் கையில் ஒரு சோலி வேண்டுமே.

கடைசியில் என் பொறுமைதான் முதலில் போனது. எப்போதும் அப்படித்தான்.

"என்னக்கா, வந்தா உள்ள வா. இல்லேன்னா வாசல மறைக்காம நகரு. யாவாரம் கெடக்கு" என்றேன்.

அக்கா குடையை மடக்கினாள். இரண்டு வருடத்தில் முடி நன்றாக வெளுத்திருந்தது. படியேறி வந்து, கல்லாவுக்கு முன்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"மூணு ஆணி வேணும் லெச்சுமி. ஆறு இஞ்ச்."

கம்பிச் சுருள் என் கையிலிருந்து விழுந்து உருண்டு போனது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மூன்று ஆணி கேட்டதற்கா இவள் இத்தனை பதறுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். பதறத்தான் செய்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஆணிக்கடை

என் பிறந்த ஊர் பாலசமுத்திரம். எங்கள் ஆட்களெல்லாம் வயக்காடு, தென்னந்தோப்பு என்று இருந்தவர்கள். அண்ணன் மட்டும் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை போட்டிருக்கிறான். என்னை மலைமேல் கட்டிக் கொடுத்தபோது அம்மா கம்பளியும் அழுகையுமாக அனுப்பி வைத்தாள். 'ஆணிக்கடைக்காரனுக்கு வாக்கப்பட்டுட்டா' என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த ஆணிதான் எனக்குச் சோறு போட்டது.

ஆணி, கம்பி, மண்வெட்டிக் காம்பு, பைப், பூட்டு. எங்கள் கடையில் கிடைக்காத இரும்பு இந்த மலையில் கிடையாது. தச்சு வேலையும் அவருக்கு அத்துப்படி. கடைக்குப் பின்னாலேயே ஒரு பட்டறை.

அவர் பெயர் தண்டபாணி. புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பாள் என் அம்மா. எழுதினால் குறையும் என்று அவள் சொன்னதில்லை.

ரோட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் ஒரு காலனி. சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே உண்டு. ஒரு சின்னக் கோயில், மாதா கோயில். பிலோமினா அக்காவும் அப்படி வந்தவள்தான். சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தாளாம். இன்னமும் 'வாறேன், போறேன்' என்றுதான் பேசுவாள்.

நான் இந்தக் குளிருக்கு வந்து பல் தந்தியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முதல் வருடம், எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, பூண்டு உரிக்கக் கற்றுக் கொடுத்து, கூடப் பிறந்தவள் போல இருந்தவள் அவள். அதனால்தான் சண்டையும் அத்தனை பெரிதாக வந்தது.

பதினோராம் தலம்

பெரிய வெள்ளிக்கிழமை, இயேசு சாமி சிலுவையில் இறந்த நாள். அன்றைக்குக் காலனி ஆட்கள் ஜங்ஷனிலிருந்து சிலுவையைத் தூக்கிக்கொண்டு கோயில் வரை பாடிக்கொண்டே இறங்குவார்கள். வழியில் பதினான்கு இடத்தில் நிற்பார்கள், அவற்றுக்குத் தலம் என்று பெயர். ஒவ்வொரு இடமும் அவர் பட்ட பாட்டில் ஒன்று. விழுந்தது, தாயைப் பார்த்தது, சட்டையை உருவியது என்று. பதினோராவது, ஆணி அறைந்தது.

மற்ற ஊர்களில் அந்த இடத்தில் முழங்கால் போட்டு ஜெபம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். இவர்கள் அப்படியில்லை. இவர்களிடம் ஆள் உயரத்தில் ஒரு மரச் சுரூபம், இயேசு சாமியின் சிலை, இருக்கிறது. தோள் மடங்கும், கை விரியும். சிலுவையைப் புல்லில் கிடத்தி, சுரூபத்தை அதன்மேல் கிடத்தி, நிஜமாகவே அறைவார்கள். கைக்கு ஒன்று, இரண்டு காலுக்கும் சேர்த்து ஒன்று. மூன்று ஆணி. ஆணிக்கு மூன்று அடி.

"ரெண்டு கை, ரெண்டு காலு. கணக்குப்படி நாலு ஆணில்ல வேணும்?" என்று நான் ஒரு தடவை அக்காவிடம் கேட்டேன்.

"கடக்காரி புத்தி போகுதா பாரு! அதுலயும் ஒரு ஆணி கூட விக்கப் பாக்குறா" என்று என் தலையில் குட்டினாள்.

அந்த ஒன்பது அடிக்கும் காலனியில் ஒரு முறை உண்டு. அடிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது. எல்லோரும் முழங்காலில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அடி விழும்போதும் தான் செய்த ஒரு பாவத்தை நினைத்து மார்பில் தட்டிக்கொள்ள வேண்டும். அடிக்கு ஒரு பாவம்.

சரி, கண்ணை மூடாமல் அடிக்கிறவன் யார்?

ஆதியில் காலனித் தச்சர் ஒருவர்தான் அடித்திருக்கிறார். அந்த வருடமே அவர் வீட்டில் ஒரு சாவு. அதோடு சரி, 'ஆணி அடிச்ச வீடு வெளங்காது' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கிறிஸ்தவர் யாரும் சுத்தியலைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். அப்போதிருந்த ஃபாதர் கடையில் வந்து இதைச் சொல்லிப் புலம்பினார். எங்கள் வீட்டுக்காரர், 'அதுக்கென்னங்க சாமி, ஆணியும் நம்ம கடையில இருக்கு, சுத்தியலும் இருக்கு, நான் வாரேன்' என்று கிளம்பிப் போய்விட்டார். டீ குடிக்கப் போகிற மாதிரி.

முதல் தடவை அடிப்பதற்கு முன்னாலேயே, பழைய சிலுவை உளுத்துப்போயிருக்கிறது என்று சொல்லிப் புதிதாக ஒன்றும் செய்து கொடுத்தார். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் செய்தார். சாமி காரியம், சுத்தபத்தமாகச் செய்கிறார் போல என்று நானும் எட்டிப் பார்க்கவில்லை.

அதிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் வருடா வருடம் அவர்தான். நான் ஆறு இஞ்ச் ஆணி மூன்று எடுத்துப் பேப்பரில் மடித்துக் கொடுப்பேன், பையில் போட்டுக்கொண்டு போவார். பிறகு ஏணி வைத்துச் சுரூபத்தை இறக்குவதும் அவரே. நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்த லீவில் மலைக்கு வருகிற கூட்டத்தில் கடையை விட்டு எங்கே நகர்வது?

குத்திக்கொள்வதும் குத்துவதும்

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சடங்கு எனக்குப் பிடிபட வெகு நாளாயிற்று.

நான் அலகு குத்துவதைப் பார்த்து வளர்ந்தவள். பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு காவடி எடுத்து வருகிறவர்களுக்கு, அண்ணன் கடை வாசலில் நின்று தண்ணீர் கொடுத்திருக்கிறேன். அங்கே மனிதன் சாமிக்காகத் தன்னைக் குத்திக்கொள்கிறான். இங்கே என்னடாவென்றால் சாமியைப் படுக்க வைத்து மனிதன் குத்துகிறான். இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபமே வந்தது.

அக்காவிடம் கேட்டேன். அவள் படித்தவள் இல்லை. "ஒங்க ஆளுக சாமிக்காக வலியத் தாங்குறாக. எங்க சாமி ஆளுகளுக்காகத் தாங்கிட்டாரு. வலி ஒண்ணுதானே லெச்சுமி" என்றாள்.

எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு கோபம் வரவில்லை.

எங்கள் பட்டறை வேலியில் பேஷன் ஃப்ரூட் கொடி ஓடும். சீசனில் டூரிஸ்டுகள் பழத்துக்குப் பறப்பார்கள். பூவை யாரும் பார்ப்பதில்லை. அக்காதான் ஒரு பூவைப் பிடித்துக் காட்டினாள். நடுவில் எழும்பி நிற்கிற மூன்றும் மூன்று ஆணி. அதற்குக் கீழே விரிந்த ஐந்தும் ஐந்து காயம். சுற்றி நாராக நிற்பது முள்முடி. 'பாத்தியா, செடிகொடிகூட மறக்கல' என்றாள். அன்றிலிருந்து அந்தப் பூவைப் பறிக்க எனக்குக் கை வந்ததில்லை.

விழுந்த கை

மூன்று வருடத்துக்கு முன்னால் ஈஸ்டர் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கப்போன மனுஷன் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஜீப் பிடித்து மலையிறங்கினோம். வழியெல்லாம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது பிலோமினா அக்காதான். எனக்குக் கை கால் ஓடவில்லை.

உயிர் தங்கியது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய், பிறகு ஒற்றை ஒற்றை வார்த்தையாகத் திரும்பி வந்தது. வலது கையைக் கிள்ளினால்கூடத் தெரியாது அவருக்கு.

அவர் விழுந்து ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலனிக் குழாயடிக்குப் போனேன். பெண்கள் நாலைந்து பேர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அக்காவின் குரல் கேட்டது.

"என்னா செய்ய... சாமிய அடிச்ச கை தானே விழுந்துருச்சு?"

குடத்தைத் தூக்கித் தரையில் அடித்தேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இந்தப் பத்திரிகையில் அச்சுப் போட முடியாது. அக்கா என் கையைப் பிடிக்க வந்தாள். 'தொடாத! பாவம் ஒட்டிக்கிரும்!' என்று கத்திவிட்டு வந்தேன். அதுதான் கடைசிப் பேச்சு.

பழனியிலும் இதே கதைதான். அண்ணி நேரிலேயே சொன்னாள்: "ஊரான் சாமிக்கு ஆணியடிக்கப் போனா நம்ம சாமி சும்மா இருக்குமா?" ஆக, இரண்டு பக்கத்துச் சாமிக்கும் ஆகாதவராகிவிட்டார் எங்கள் வீட்டுக்காரர். நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். மனுஷன் யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை.

நான் பழனிக்குப் போய் மொட்டை போட்டேன். புருஷன் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஆணியை உதறிய சாமி

அவர் விழுந்த மறு வருடம், காலனியில் ஒரு ஜீப் டிரைவர் தைரியமாக முன்வந்தார். பதினோராம் தலத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் அடித்தார். சிலுவையைத் தூக்கி நிறுத்தினார்கள். நிறுத்தின மறு நிமிஷம் ஆணி உருவிக்கொண்டு விழுந்தது. சுரூபத்தின் வலது கை தொப்பென்று தொங்கிவிட்டது.

கூட்டம் அலறிவிட்டதாம். 'சாமி ஆணியை உதறிட்டாரு' என்று பேச்சு. தண்டபாணியின் கையும் விழுந்தது, சாமியின் கையும் விழுந்தது, போதாதா? அடுத்த வருடம் ஆணியே வேண்டாம் என்று கயிற்றால் கட்டிவிட்டார்கள்.

சாமி கை விழுந்த கதையைக் கடையில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுக்காரர் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மனுஷன் அழுகிறாரே என்று நான் அந்த ஆளைத் திட்டி விரட்டினேன்.

நான் கேட்ட கேள்வி

இப்போது புரிகிறதா, மூன்று ஆணி என்றதும் நான் ஏன் பதறினேன் என்று?

"யாரு அடிக்க?" என்றேன்.

அக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னாலேயே புது ஃபாதர் வந்து நின்றார். சின்ன வயசு, முப்பதுகூட இருக்காது.

"நானே அடிக்கிறேன்னு சொல்லிட்டேம்மா. இவங்கதான் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

"ஃபாதர் கையும் விழுந்துட்டா?" அக்காவுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"அப்ப எங்காளு கை விழுந்தா பரவால்லயா?"

"அதில்ல லெச்சுமி... விழ வேண்டியது அவருக்கு விழுந்துருச்சுல்ல? இனி அவருக்கு ஒண்ணும் ஆகாது. இடது கையால தொட்டாக்கூடப் போதும்..."

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன்.

"ஏங்க ஃபாதர், நீங்களே சொல்லுங்க. எங்க பாவந்தான் அவர அறைஞ்சுச்சுன்னு வருசம் பூரா நெஞ்சில தட்டிக்கிறீங்க. அப்ப ஆளுக்கு ஒரு அடி நீங்களில்ல அடிச்சிருக்கணும்? பாவம் ஒங்களுது. சுத்தியல் மட்டும் எங்க வீட்டுக்காரர் கையில. நீங்க கண்ண மூடிக்கிட்டீங்க, அவரு தொறந்துக்கிட்டு அடிச்சாரு. கை விழுந்ததும் மொத்தப் பாவத்தையும் அவரு தலையில கட்டிட்டீங்க. இது என்னங்க நாயம்?"

ஜங்ஷனில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதர் ஏதாவது வேத வசனம் சொல்வார், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"நீங்க கேட்டது சரிதாங்கம்மா." என்றார்.

ஒப்புக்கொள்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அக்கா பக்கம் திரும்பினேன். அவள் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு இப்ப வேற பாவமே இல்லடி. ரெண்டு வருசமா ஒண்ணே ஒண்ணத்தான் சுமக்குறேன். குழாயடியில சொன்னேன் பாரு, அந்தச் சொல்லு. கயித்தக் கட்டினா சத்தமே வாறதில்ல. அடி விழுற சத்தம் கேக்காம நான் அத எங்க கொண்டு எறக்குவேன்? அவரு கையால அடிச்சாத்தான் எனக்குப் போகும்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். இடது கையை ஊன்றி எழுந்து நின்றார்.

"போ...வோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி

போகவே கூடாது என்று ஒரு வாரம் சண்டை போட்டேன். மிச்சமிருக்கிற இடது கையையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவீரா என்றுகூடக் கேட்டேன். மனுஷன் அசையவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளனே எழுந்து, பட்டறை மேசை டிராயரை இடது கையால் துழாவி, எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாத்திரை என்று நினைத்தேன்.

கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக அந்த லீவில் கடையைச் சாத்தினேன். அவருக்கு ஒரு கையில் தடி, மறு பக்கம் நான். பையில் ஆறு இஞ்ச் ஆணி மூன்று, சுத்தியல் ஒன்று.

அன்றைக்குக் கோயில் மணி அடிப்பதில்லை. மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு முன்னால் ஒருவர் போனார். பேரிக்காய் மரத்தடியில் பதினோராம் தலம். ஈரப் புல்லில் சிலுவை கிடந்தது. அதன்மேல் அந்தச் சுரூபம், கையை விரித்து, மேகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் பார்த்தது அப்போதுதான். மரமாக நினைக்க முடியவில்லை.

ஃபாதர் ஜெபத்தை முடித்தார். நூறு பேர் முழங்காலில் விழுந்தார்கள். நூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். முதல் வரிசையில் பிலோமினா அக்கா, முந்தானையால் முகத்தையே மூடிக்கொண்டாள்.

கண் திறந்திருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அவரை மெதுவாகப் புல்லில் உட்கார வைத்தேன். பையிலிருந்து ஆணியை எடுத்தேன். வேண்டாம் என்று அதைத் தள்ளிவிட்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் மூன்று வைத்தார்.

நான் இரும்புக் கடைக்காரி. தொட்டதுமே தெரிந்துவிட்டது. அது ஆணி இல்லை. போல்ட். தலையை மட்டும் தட்டி நசுக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து, பழங்கால ஆணித் தலை மாதிரி செய்திருக்கிறார். உடம்பெல்லாம் திருகு மரை ஓடுகிறது.

இடது கை விரலால் திருகிக் காட்டினார். சுரூபத்தின் உள்ளங்கை ஓட்டையில் விட்டுத் திருகினேன். சத்தமே இல்லாமல் உள்ளே போய்ப் பிடித்தது; மற்ற இரண்டையும் அப்படியே திருகினேன். சிலுவை மரத்துக்குள் நட்டைப் புதைத்து வைத்திருக்கிறார். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தது இதைத்தான். அந்த ஜீப் டிரைவரின் ஆணி பிடிக்காமல் போனதும் இதனால்தான். நட்டின் நடு ஓட்டையில் ஆணியை அடித்தால் நிற்குமா? அன்றைக்கு இவர் தோள் குலுங்கியது அழுகை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப எங்கங்க அடிக்க?" என்று கிசுகிசுத்தேன்.

சிலுவை மரத்தில், கைக்கு ஒரு சாண் தள்ளி, ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். மரம் அங்கே கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. இருபது வருடத்துக்கு மேல் அடித்து அடித்து விழுந்த குழி. சுரூபத்தின் கையில் ஒரு கீறல் கிடையாது. பூசிய சாயம்கூட உதிரவில்லை.

"கையில... ஒரு தடவகூட அடிச்சதில்லையா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ஏங்க?"

வார்த்தையைத் திரட்ட அவருக்கு நேரம் பிடித்தது. அந்த மர முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வலி...க்கும்."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. எல்லாரும் கண்ணத் தொறங்க, வந்து பாருங்க, சாமிய அடிச்ச கையா இது என்று. வாயைத் திறந்துவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நூறு பேர் கண்ணை மூடி, தங்கள் பாவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

சுத்தியலை எடுத்தேன். அவர் இடது கை என் கைமேல் இருந்தது. குழியில் அடித்தேன்.

நூறு கை நூறு மார்பில் விழுகிற சத்தம் கேட்டது. என் கையும் என் மார்புக்குப் போய்விட்டது. நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனால் எனக்கும் ஒரு பாவம் இருந்தது. பழனியில் மொட்டை போட்டபோது முருகனிடம் நான் என்ன சொன்னேன் என்று யாருக்கும் தெரியாது. புருஷனைக் காப்பாத்தினதுக்கு நன்றி என்று சொல்லவில்லை. 'அவரு அடிச்ச ஆணிய மன்னிச்சு, கையத் திருப்பிக் குடு' என்றுதான் கேட்டேன். பிலோமினா அக்கா ஊருக்கு முன்னால் சொன்னதை நான் மனசுக்குள் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அவளை அத்தனை பேச்சுப் பேசியதும் அதனால்தான்.

ஒன்பது அடியும் அந்த ஒன்றுக்கே சரியாகப் போனது.

சிலுவையைத் தூக்கி நிறுத்தினார்கள். கை அசையவில்லை. கூட்டம் பெருமூச்சு விட்டது. காலனிக்காரர்களே, இதைப் படித்துவிட்டு அந்த போல்ட்டைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். அவர் செய்தது ஏமாற்று இல்லை. இதை எழுதலாம் என்று அவரே தலையாட்டிய பிறகுதான் எழுதியிருக்கிறேன்.

பிறகு எல்லோரும் வரிசையாகப் போய்ச் சிலுவையை முத்தம் செய்தார்கள். பிலோமினா அக்கா வரிசையிலிருந்து விலகி எங்களிடம் வந்தாள். புல்லில் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரருக்கு முன்னால் முழங்கால் போட்டாள். அவர் மடியில் துணி மாதிரி கிடந்த வலது கையை எடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, முத்தம் வைத்தாள். விடவே இல்லை. தேம்பித் தேம்பி அழுதாள். அவள் பிடித்த பிடியில் அந்த விரல்கள் வெளுத்துப்போயின.

கிள்ளினாலும் தெரியாத கை அது. எனக்குத் தெரியும்.

"மெதுவாக்கா, வலிக்கும்" என்றேன்.